நீலகண்டனின் ஃபோன் ஏறிய கார்கள்

ஸ்ரீவராகத்தில் ஒரு கார் தன் சொந்தக்காரனின் ஃபோனை உதறிவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரனின் ஃபோனோடு சேர்ந்துகொண்டதாம். இந்தச் சேதியை வலியசாலைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர் சரஸ்வதியம்மாள். அவர் நேரில் பார்த்ததில்லை. கோயிலில் பூ கட்டுகிறவள் சொன்னாளாம். அவளுக்கு அவள் மருமகள் சொன்னாளாம். மருமகள் வேலைக்குப் போகும் வீட்டுக்காரரின் மைத்துனருக்குத்தான் அப்படி நடந்ததாம். ஃபோனில் ஏதோ அப்டேட் வந்ததாம், மறுநாள் காலையிலிருந்து கார் சொன்ன பேச்சைக் கேட்பதில்லையாம்.

"நிஜமாடா நீலு?" என்று எதிர்வீட்டிலிருந்து தெருவைக் கடந்து வந்து தம்பியிடம் கேட்டார்.

நீலகண்டன் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "கார் என்ன, புருஷனை விட்டுட்டு வந்த பொம்மனாட்டியா அக்கா, இஷ்டத்துக்கு மாறிக்கறதுக்கு?"

சொல்லிவிட்டுத் தன் சாமர்த்தியத்தை ஒரு கணம் ருசித்தார். அடுக்களையில் தேங்காய் துருவும் சத்தம் நின்றது. துருவிக்கொண்டிருந்தது அவருடைய ஒரே மகள் மீனு. அவள் புருஷனிடம் கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

"அது நாக்காடா, துருவுகட்டையா?" என்றார் சரஸ்வதியம்மாள், குரலைத் தாழ்த்தி.

"நான் காரைப் பத்திச் சொன்னேன்."

நீலகண்டன் யாரையெல்லாம் மட்டமாக நினைத்தார் என்று சொல்லப் புகுந்தால் பொழுது போதாது. மட்டமாக நினைக்காதவர்களைச் சொல்லிவிடலாம். ஒருவர் மஸ்கட்டில் இருக்கும் தம்பி ஹரி. மற்றவர் அவரே. ஓர் அரசுத் தணிக்கை அலுவலகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் உட்கார்ந்து பிறர் எழுதியதில் தப்புக் கண்டுபிடித்தவர் அவர். ஓய்வு பெற்றபோது நாற்காலியை அலுவலகத்தில் விட்டுவிட்டு வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். மனைவி கிருஷ்ணவேணியின் ரசத்தில் ஆட்சேபம், அக்காவின் ஆங்கிலத்தில் ஆட்சேபம், தம்பானூர் லாட்ஜுகளில் வேலை பார்க்கும் திருநெல்வேலிக்காரர்களின் தமிழில் ஆட்சேபம். மலையாளிகள் அவரைத் தமிழர் என்றார்கள். சென்னைக்குப் போனால் ஆட்டோக்காரர்கூட மலையாளியா என்று கேட்டார். இரு தரப்பும் முட்டாள்கள் என்று தீர்ப்பெழுதி அந்தக் கோப்பை அவர் மூடிவிட்டார்.

இப்படிப்பட்டவருக்குத் தெருவில் எப்படியோ ஒரு பட்டம் கிடைத்திருந்தது. கார் புளூடூத் என்றால் நீலகண்டன். அவரிடம் கார் கிடையாது. கார் ஓட்டவும் தெரியாது. ஓட்டுவதெல்லாம் டிரைவர் வேலை என்பது அவர் கட்சி. ஹரியின் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தவர், மஸ்கட்டின் சாலைகளையோ மலைகளையோ பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தம்பியின் காரில் முன்சீட்டில் உட்கார்ந்து ஃபோனைக் காரோடு சேர்க்கக் கற்றுக்கொண்டதை மட்டும் தெரு முழுக்கச் சொன்னார். சேர்ப்பது என்றுகூடச் சொல்ல மாட்டார். 'ஏற்றுவது' என்பார், ஏதோ கோயிலில் விளக்கு ஏற்றுகிற மாதிரி.

அதோடு நிற்கவில்லை. ஒரு வழக்கத்தையும் உண்டாக்கினார்.

தெருவில் யார் புதுக் கார் வாங்கினாலும் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஓட்டி வருவார்கள். அது எல்லா ஊரிலும் உள்ளது. அதற்குப் பிறகு, தெருமுனையில் வண்டி நின்றதும், காருக்குள் முதலில் கேட்கிற சத்தம் கணபதி ஸ்துதியாக இருக்க வேண்டும் என்று நீலகண்டன் சொன்னார். ஸ்துதி அவருடைய ஃபோனில் இருந்தது. பாடியவரும் அவரேதான். எதிரொலி நன்றாக விழும் என்று குளியலறையில் நின்று பாடிப் பதிவு செய்தது. ஆகையால் காரில் முதலில் ஏறுவது அவருடைய ஃபோன். அது ஏறி, ஸ்துதி முடிந்த பிறகுதான் சொந்தக்காரரின் ஃபோன் ஏறலாம். அந்தத் தெருவில் ஒரு காரியம் நாலு தடவை நடந்துவிட்டால் அது தாத்தா காலத்து வழக்கம். இதையும் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. மீனுவின் புருஷன் சுனில் கரமனையில் கார் எடுத்தபோதுகூட மாமனாரின் தெருவுக்கு அதை ஓட்டி வந்து, ஸ்துதியைக் கேட்டுவிட்டுத்தான் போனான்.

ஸ்ரீவராகத்துச் சேதி வந்த வாரத்திலேயே வலியசாலையிலும் கார்கள் முரண்டு பிடித்தன.

முதலில் வந்தவர் மூலைவீட்டு ஐயப்பன், வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். "நீலு, காலம்பற காரை ஸ்டார்ட் பண்ணினா என் ஃபோன் ஏறமாட்டேங்கறது. உம்ம பாட்டு தானா வர்றது."

"நல்லதுதானே? சுவாமி சப்தம் கேட்டுண்டே புறப்படலாம்."

"சுவாமி சரி. பொண்ணு கூப்பிடறா, எடுக்க முடியலை. அவளுக்குப் பிரசவ நேரம் கேட்டோ."

நீலகண்டன் சட்டையை மாட்டிக்கொண்டு, ஃபோனைப் பையில் போட்டுக்கொண்டு வைத்தியர் மாதிரி நடந்தார். காரில் முன்சீட்டில் அமர்ந்து, முதல் காரியமாகத் தன் ஃபோனை ஏற்றிக் காட்டினார். உடனே ஏறியது. "பாரும். கார் நன்னாயிருக்கு. உம்ம ஃபோன்தான் கேடு."

பிறகு சிகிச்சை. ஐயப்பனின் ஃபோனை அணைத்து எழுப்பினார். காரின் பெயரை ஃபோனிலிருந்து எடுத்தார். ஐயப்பனின் பெயரைக் காரிலிருந்து எடுத்தார். மறுபடி சேர்த்தார். தொடர்புகளைக் கார் படிக்கலாமா என்று ஃபோன் கேட்டதற்கு 'ஆம்' போட்டார். ஏறவில்லை. கடைசி ஆயுதமாக நெட்வொர்க் செட்டிங்ஸ் முழுவதையும் பழைய நிலைக்குத் தள்ளும் பொத்தானை அழுத்தினார். ஐயப்பனின் வீட்டு வைஃபை கடவுச்சொல், மகள் வீட்டுக் கடவுச்சொல், ஆஸ்பத்திரியில் வாங்கி வைத்திருந்தது எல்லாம் ஒரே நொடியில் துடைத்துக்கொண்டு போயின. அப்போதும் ஏறவில்லை.

"இன்னொரு விஷயம்," என்றார் ஐயப்பன் தயங்கி. "கிள்ளிப்பாலம் தாண்டினா தானா சரியாயிடறது. திரும்பத் தெருவுக்குள்ளே வந்து அணைச்சுட்டு ஸ்டார்ட் பண்ணினா போயிடறது."

நீலகண்டன் காரிலிருந்து இறங்கித் தெருவை மேலும் கீழும் பார்த்தார். தெருமுனையில் மின்வாரியத்தின் டிரான்ஸ்ஃபார்மர் உர்ரென்று நின்றிருந்தது. "அதோ," என்றார். "அலையெல்லாம் அது இழுத்துக்கறது. மனசிலாச்சா?"

ஐயப்பனுக்கு மனசிலாகவில்லை. ஆனால் டிரான்ஸ்ஃபார்மரோடு யார் வாதாடுவது?

அந்த வாரம் முழுக்க நீலகண்டன் கார் காராக ஏறி இறங்கினார். எல்லா இடத்திலும் அதே சிகிச்சை, அதே தோல்வி. தோல்வி அவரைச் சிறிதும் அசைக்கவில்லை. விலை குறைந்த ஃபோன் என்றார், ஒருவரிடம். கைரேகை அழுக்கு என்றார், இன்னொருவரிடம். எல்லாரும் அப்டேட்டை வெள்ளிக்கிழமை ராகுகாலத்தில் அழுத்தித் தொலைத்திருப்பார்கள் என்று கிருஷ்ணவேணியிடம் சொல்லிச் சிரித்தார். அவரும் அதே அப்டேட்டை அழுத்தியிருந்தார். ஃபோன் கேட்டது, அழுத்தினார். அதற்குப் பிறகு என்ன மாறியது என்று தன் ஃபோனைத் திறந்து பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. தணிக்கை செய்பவர் தன்னைத் தணிக்கை செய்துகொள்ளும் சட்டம் எந்த அலுவலகத்தில் இருக்கிறது?

ரெம்யா வந்து சொன்னாள். நாலு வீடு தள்ளி இருப்பவள், டெக்னோபார்க்கில் வேலை, தினமும் கார் ஓட்டிக்கொண்டு போகிறவள். அவள் வாசலிலேயே நின்றாள்.

"மாமா, சொன்னா கோவிச்சுக்கப்படாது. எல்லாக் காரிலேயும் லிஸ்டில முதல்ல இருக்கறது உங்க ஃபோன். ஸ்டார்ட் பண்ணினதும் கார் அதைத்தான் முதல்ல தேடும். நீங்க எப்பவும் முன்னறையில ஜன்னலண்டைதானே இருக்கேள். தெரு இத்துணூண்டு. கிடைச்சுடறது, ஒட்டிக்கறது."

"இத்தனை வருஷமா ஒட்டிக்கலையே?"

"முன்னாடி ஒவ்வொரு காருக்கும் தானா சேராதேன்னு ஆஃப் பண்ணி வெச்சிருப்பேள். அப்டேட் அதையெல்லாம் திரும்ப ஆன் பண்ணிடுத்து. எங்க ஆபீஸ்ல ரெண்டு பேருக்கு இப்படித்தான்."

ஒவ்வொரு காரிலும் ஏற்றியதும் அப்படி ஏதோ ஆஃப் செய்துவிட ஹரி சொல்லிக்கொடுத்தது நீலகண்டனுக்கு ஞாபகம் வந்தது. வந்ததை உடனே அடக்கினார். மகள் வயதுப் பெண் சொல்லித் தெரிந்துகொள்வதா?

"அதனால இப்போ என்ன பண்ணணும்கறே?"

"காரிலேர்ந்து உங்க ஃபோனை அழிச்சாப் போறும். என் காரிலே நேத்தே எடுத்துட்டேன். ஒரு குழப்பமும் இல்லை."

நீலகண்டன் கண்ணாடியைக் கழற்றினார். "முதல்ல ஏறின ஃபோன், பிள்ளையார் சுழி மாதிரியாக்கும். கல்யாணப் பத்திரிகையில எழுத்துப் பிழைன்னு சுழியை அழிப்பாளோ யாராவது?"

"சரி, சுழி இருக்கட்டும். உங்க ஃபோனைக் கொடுங்கோ, அதிலே ஆஃப் பண்ணிடறேன். ரெண்டு நிமிஷம்."

அவர் ஃபோனை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டு, பையைக் கையால் மூடிக்கொண்டார். "உன் ஆபீஸ்ல சம்பளம் கொடுக்கறாளே, அங்கே போய்ப் பாரு. வலியசாலையிலே நான் பாத்துக்கறேன்."

ரெம்யா தோளைக் குலுக்கிவிட்டுப் போனாள். "வெறுதே வந்தேன், வீண் வேலை," என்று அவள் முணுமுணுத்தது அவருக்குக் கேட்டது. "அவ கார் ஒருநாள் நட்டநடு வழியிலே நிக்கும், பாத்துண்டே இரு," என்று கிருஷ்ணவேணியிடம் உறுதி கூறினார்.

இதற்கெல்லாம் நடுவில் மீனுவின் காரியம் ஒன்று முற்றிக்கொண்டிருந்தது.

சுனில் குடும்பத்துக்குக் கேட்டரிங் தொழில். கல்யாணச் சமையலுக்குக் கரமனையிலிருந்து நாகர்கோவில் வரை அவர்களைக் கூப்பிடுவார்கள். பந்தியில் உட்காரும்போது அவர்கள் வைத்த ஓலனை இரண்டாம் தடவை கேட்டு வாங்கும் நீலகண்டன், கை கழுவியதும் அவர்களைச் சமையல்காரர்கள் என்பார். மீனுவுக்கு வயது ஏறி, ஜாதகங்கள் வந்த வழியே திரும்பிப் போய்க்கொண்டிருந்தபோது சரஸ்வதியம்மாள் பார்த்து முடித்த இடம் அது. நீலகண்டன் சம்மதித்தார், தான் இறங்கி வந்ததை யாரும் மறந்துவிடாமலும் பார்த்துக்கொண்டார். கல்யாணம் ஆகி ஒன்றரை வருடத்தில் ஒரு தடவைகூடச் சுனிலை 'மாப்பிள்ளை' என்று அழைத்ததில்லை. 'ஓய்' என்பார். தம்பியிடம் பேசும்போது 'கரண்டி'.

ஓணம் கழிந்த ஞாயிற்றுக்கிழமை சுனில் வீட்டில் விருந்து. மீனு கூடத்தில் உட்கார்ந்து மாமனாருக்கு ஒத்தாசையாகப் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். வந்திருந்த சொந்தக்காரர்கள் காதுபட நீலகண்டன், "எங்காத்துப் பொண்ணு காய் நறுக்கப் பொறந்தவ இல்லை," என்றார். சுனிலின் அப்பா தோள்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு எழுந்து உள்ளே போனார், பிறகு வெளியே வரவில்லை. விருந்தாளிகள் போனதும் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை. உன் அப்பா பேசியது தப்பு என்றான் சுனில். அப்பாவை விட்டுக்கொடுக்க மனசில்லாமல் மீனு, அவர் சொன்னதில் என்ன தப்பு என்றாள். அதற்குமேல் அவன் ஒன்று சொன்னான், அவள் ஒன்று சொன்னாள், ஆட்டோ பிடித்து வந்துவிட்டாள்.

வந்த மறுவாரமே அவளுக்குத் திரும்பிப் போக வேண்டும் என்றாகிவிட்டது. யார் முதலில் கூப்பிடுவது என்பதில் இரண்டு மாதம் ஓடியது. கடைசியில் சரஸ்வதியம்மாள் இரண்டு வீட்டுக்கும் நடையாக நடந்து பேசி முடித்தார். வியாழக்கிழமை ராகுகாலம் கழிந்து சுனில் வந்து அழைத்துக்கொண்டு போவான். அவன் கேட்டது ஒன்றே ஒன்று. மாமனார் தன்னை மனுஷனாக மதித்து வாசலில் நின்று 'வாங்கோ' என்று சொல்ல வேண்டும்.

"எழுந்து நின்னு சொல்லணும் நீலு," என்றார் அக்கா. "உக்காந்த இடத்திலேர்ந்து தலையை ஆட்டப்படாது."

"சொல்றேன். வாயிலேர்ந்து முத்தா உதிர்ந்துடப் போறது?"

புதன்கிழமை மாலை மீனு அவருக்குக் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். "அப்பா, நாளைக்கு வேற ஒண்ணும் சொல்லாதேங்கோ. வாங்கோன்னு மட்டும் போறும்."

"நான் என்ன சொல்லிட்டேன் இதுவரைக்கும்?"

"ஒண்ணும் சொல்லலை. நாளைக்கும் சொல்லாதேங்கோ."

"கரண்டி பிடிக்கறவனுக்கு இத்தனை கிராக்கி!"

"அப்பா."

"சரிடீ. வாங்கோ. போறுமா?"

அவள் சிரித்தாள். இரண்டு மாதத்தில் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. நீலகண்டனுக்கும் அது பிடித்திருந்தது என்றே சொல்ல வேண்டும். பிடித்ததைக் காட்டிக்கொள்ளும் பழக்கம் இல்லாததால், காப்பியில் சர்க்கரை போதாது என்றார்.

வியாழக்கிழமை ஐப்பசித் துலாவர்ஷ மழை மதியமே பெய்து ஓய்ந்திருந்தது. மீனு தலை வாரி, பட்டுப்பாவாடை காலத்துக்கு அப்புறம் தொடாத ஜிமிக்கியைப் போட்டுக்கொண்டு, பையோடு மாடி ஜன்னலில் நின்றாள். கிருஷ்ணவேணி அடையும் அவியலும் செய்து மூடி வைத்திருந்தார். நீலகண்டன் வெளுத்த வேட்டி கட்டி முன்னறையில் தன் ஜன்னலோர நாற்காலியில் இருந்தார். எல்லாம் சரியாக இருந்தது. அப்போதுதான் மஸ்கட்டிலிருந்து ஹரி கூப்பிட்டான்.

"என்ன அண்ணா, கரண்டி வந்தாச்சா?"

"வர்றான் வர்றான். வாசல்ல நின்னு பூர்ணகும்பம் எடுக்கணுமாம் நான். அக்காவோட ஏற்பாடு."

தெருவில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. "ஏன்னா, வந்துட்டார்," என்று கிருஷ்ணவேணி உள்ளேயிருந்து வந்தார். நீலகண்டன் ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமல், இடது கையை உயர்த்தி நிறுத்தினார். ஒரு நிமிஷம் நிற்கட்டும். நின்றால் ஒன்றும் தேய்ந்துவிடாது. அமைச்சரைப் பார்க்கப் போனால் நிற்க மாட்டானா?

வெளியே சுனில் காரை அணைத்துவிட்டு இறங்கியிருந்தான். எதிர்வீட்டு வாசலிலிருந்து சரஸ்வதியம்மாள், "கொஞ்சம் முன்னாடி எடுத்துப் போடுடா குழந்தே, கேஸ் வண்டி வர்ற நேரம்," என்றார். அவன் மறுபடி ஏறப் போகும்போது மீனு மாடியிலிருந்து இறங்கி ஓடி வந்து, பையைப் பின்சீட்டில் எறிந்துவிட்டு முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். பத்தடி தூரம் நகர்த்துவதற்கு எதற்கு ஏறுகிறாய் என்று அவன் கேட்டான். "ரெண்டு மாசத்துக்கு அப்புறம் பத்தடியாவது போறேனே," என்றாள் அவள். அவன் ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை எதிர்வீட்டில் சரஸ்வதியம்மாள் பார்த்தார். அவர் முகத்திலும் அது ஏறிக்கொண்டது.

முன்னறையில் நீலகண்டன் தம்பியிடம் குரலைத் தாழ்த்திச் சொல்லிக்கொண்டிருந்தார். "எனக்கென்னடா, போனாச் சரி. இவ என்ன ரம்பையா? இத்தனை வருஷம் எவன் எடுத்தான்? ஓட்டைப் பாத்திரம். பாத்திரக்காரன்கிட்டயே திரும்பிப் போறது, அவ்வளவுதான்."

எதிர்முனையில் ஹரி அதை வாங்கிக்கொள்ள ஒரு விநாடி எடுத்துக்கொண்டான். அந்த விநாடியில் சுனில் சாவியைத் திருப்பினான்.

நீலகண்டனின் காதில் ஃபோன் செத்துப்போனது. "ஹலோ," என்றார். "ஹலோ, ஹரி?"

ஹரியின் சிரிப்பு தெருவிலிருந்து கேட்டது. நாலு ஸ்பீக்கரில், கண்ணாடி இறக்கிய காருக்குள்ளிருந்து, பெரிய சத்தமாக. "ஓட்டைப் பாத்திரம் பாத்திரக்காரன்கிட்டயேவா! அண்ணா, உன்னை அடிச்சுக்க ஆள் கிடையாது. கரண்டிக்கு நீ கொடுத்த சீர்வரிசை நம்ம மீனு, அப்படித்தானே? இவளை எவன் எடுத்தான்னு கேட்டியே, சபாஷ்! அண்ணா? இருக்கியா?"

மூலைவீட்டு ஐயப்பன் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் குழாயை மூட மறந்தார். சரஸ்வதியம்மாளின் முகத்தில் இருந்த சிரிப்பு போக இடம் தெரியாமல் அப்படியே நின்றது.

"சித்தப்பா," என்றாள் மீனு, காரின் முன்பலகையைப் பார்த்து.

தெருவே அவளைக் கேட்டது. மஸ்கட்டும் கேட்டது.

"யாரு? மீனுவா? நீ எப்படிம்மா இந்த ஃபோன்ல?"

"ஓட்டைப் பாத்திரம்னு அப்பா சொன்னாரா, நீங்க சொன்னேளா?"

"அது வந்து, தமாஷுக்கு. அண்ணா எப்பவும் அப்படித்தானே பேசுவான். உன்னைப் பத்தி இல்லை, வேற ஒரு..."

"எவன் எடுத்தான்னும் அவரேதான் கேட்டாரா?"

நீலகண்டன் அதற்குள் வாசலுக்கு வந்திருந்தார். சரஸ்வதியம்மாளின் ஏற்பாட்டின்படி எழுந்துதான் நின்றிருந்தார். கையில் ஃபோன், திறந்த வாய். 'வாங்கோ' என்று சொல்ல வேண்டிய இடம் அது. "மீனு, அது அப்டேட்," என்றார்.

அவள் அவரைப் பார்த்தாள். ஜிமிக்கி ஆடிக்கொண்டிருந்தது. சுனில் வண்டியை நகர்த்தவும் இல்லை, அணைக்கவும் இல்லை. ஸ்டியரிங்கில் இருந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். தன்னை மட்டமாகச் சொன்னது அவனுக்குப் புதிதில்லை. அவளைச் சொன்னதைத்தான் எங்கே வைப்பதென்று தெரியாமல் இருந்தான். ஓண விருந்தன்று அப்பாவை விட்டுக்கொடுக்காமல் நின்றவள் அவள்.

"போலாம்," என்றாள் மீனு.

"உள்ளே வந்துட்டு..."

"போலாம்."

கார் நகர்ந்தது. "அண்ணா, நான் என்ன சொல்றதுன்னே தெரியலை, மீனு, கண்ணா, கேளு," என்று ஹரியின் குரல் காரோடு சேர்ந்து தெருவில் போயிற்று. ஒவ்வொரு வீட்டு வாசலையும் தாண்டி, ரெம்யாவின் வீட்டைத் தாண்டி, டிரான்ஸ்ஃபார்மர் வரை போயிற்று. அங்கே திரும்பியதும் அறுந்து, மறுபடி நீலகண்டனின் காதுக்கே வந்து சேர்ந்தது. "அண்ணா, அவ எப்படி நடுவிலே வந்தா? என்னை ஏன் மாட்டிவிட்டே?"

நீலகண்டன் இணைப்பைத் துண்டித்தார். வாழ்நாளில் முதல் தடவையாகத் தம்பியும் அவருக்கு மட்டமாகப் பட்டான். எல்லாவற்றையும் திருப்பிச் சொல்லும் கிளி. சொன்னதைக் கேட்டோமா, வைத்தோமா என்று இருக்க வேண்டாமா?

சரஸ்வதியம்மாள் தெருவைக் கடந்து வரவில்லை. அங்கேயே நின்று, "நன்னா எழுந்து நின்னே நீலு," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். ஐயப்பன் குழாயை மூடினார். யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது விளக்கம் சொல்லியிருக்கலாம்.

உள்ளே கிருஷ்ணவேணி அடைக்கு மூடியிருந்த தட்டை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி மூடினார்.

"இது என் தப்பு இல்லை கேட்டேளா எல்லாரும்," என்றார் நீலகண்டன், காலி அறையைப் பார்த்து. "நான் ஆஃப் பண்ணித்தான் வெச்சிருந்தேன். அப்டேட் வந்து ஆன் பண்ணிடுத்து. அந்தக் கம்பெனிக்காரா மேலே கேஸ் போடணும்."

"வாயும் அப்டேட்ல வந்ததா?"

"நீ சும்மா இரு. உனக்கு இது மனசிலாகாது."

"எனக்கு மனசிலாயிடுத்து. அவளுக்கும் ஆயிடுத்து. இனிமே இந்தப் படி ஏறுவாளான்னு உங்க ஃபோனைக் கேளுங்கோ." அவர் அடையை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்து சரஸ்வதியம்மாளின் வீட்டுக்குப் போய்விட்டார்.

நீலகண்டன் நாற்காலியில் உட்கார்ந்து மீனுவைக் கூப்பிட்டார். மணி முழுவதும் அடித்து ஓய்ந்தது. மறுபடி கூப்பிட்டார். இந்தத் தடவை இரண்டு மணியோடு நின்றது, யாரோ நிறுத்தியிருக்கிறார்கள். செய்தி எழுதலாமா என்று யோசித்தார். 'நீ கேட்டது முழுப் பேச்சு அல்ல' என்று தொடங்கினார். முழுப் பேச்சு அதைவிட மோசம் என்பது நினைவுக்கு வந்து அழித்தார்.

இனி மிச்சம் சுனில்தான். அவனுடைய எண்ணைத் தேட நேரமாயிற்று. சுனில் என்று தேடினால் இல்லை. மாப்பிள்ளை என்று போட்டிருக்க மாட்டோம் என்பது அவருக்கே தெரியும். கடைசியில் 'கேட்டரிங் கரமனை' என்ற பெயரில், கேஸ் ஏஜென்சிக்கும் கேபிள்காரருக்கும் நடுவில் கிடைத்தது.

விரல் அங்கேயே நின்றது. சமையல்காரனிடம் போய்க் கெஞ்சுவதா? ஆனால் அந்தச் சமையல்காரனின் காரில்தான் அவருடைய மகள் உட்கார்ந்திருக்கிறாள். இப்போது கிள்ளிப்பாலத்தில் சிக்னலுக்காக நின்றிருப்பார்கள். அவள் அழுதுகொண்டிருப்பாளோ? அழமாட்டாள், அப்பாவின் பிடிவாதம் அவளுக்கு உண்டு. அதுதான் பயமாக இருந்தது.

அழுத்தினார். மணி அடிக்கத் தொடங்கியது.

எடுத்ததும் என்ன சொல்வது? 'ஓய்' என்று தொடங்கக் கூடாது. 'மாப்பிள்ளை' என்று ஒரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். வேறு யாருடைய பல்செட்டையோ மாட்டிக்கொண்டது போல இருந்தது. மாப்பிள்ளை, நடந்தது என்னன்னா, புளூடூத்தில் ஒரு கோளாறு. இல்லை, அப்படித் தொடங்கினால் அவள் ஃபோனை வாங்கித் துண்டித்துவிடுவாள். மாப்பிள்ளை, மீனுகிட்டே ஃபோனைக் கொடுங்கோ. அதுவும் வேண்டாம், இந்த மணியே இப்போது காருக்குள் ஸ்பீக்கரில்தான் அடித்துக்கொண்டிருக்கும், அவளுக்கும் கேட்டுக்கொண்டுதான் இருக்கும். திரையில் அவன் என்ன பெயர் போட்டு வைத்திருக்கிறானோ? அந்தப் பயலும் ஏதாவது வைத்திருப்பான். மரியாதை தெரிந்த குடும்பமா அது? பெரியவன் கூப்பிடுகிறான், இத்தனை நேரமா எடுக்காமல் இருப்பான் ஒருத்தன்?

தெருவில் கேஸ் வண்டி வந்து, நிற்க இடம் தாராளமாக இருந்ததால் நேரே வாசலில் நின்று மணி அடித்தது. நீலகண்டன் எழுந்திருக்கவில்லை. ஃபோனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டார்.

எதிர்முனையில் அடித்துக்கொண்டே இருந்தது.